பின்னால் போட்ட நாற்காலி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். பிசியோதெரபி முடித்து, போடியில் எங்கள் தெருச் சமுதாயக் கூடத்தில் வயதான பெண்களுக்குக் காலையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது, அந்தப் பெருமை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. வந்த பதினோரு பேரும் ஒரு காலத்தில் ஜீப்பேறி மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்தவர்கள். முழங்கால் தேய்ந்த பிறகு வேலையை விட்டு நின்றுகொண்டவர்கள்.

அவர்களில் ஒருவர் போன வருடம் வழுக்கி விழுந்து இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். தனியாக இருப்பவர். இந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டும்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வருவார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியில், மற்றவர்கள் பத்து முடிக்கும்போது அவர் நான்கில் இருப்பார். நிதானமாகச் செய்யட்டும் என்று அவர் நாற்காலியை மட்டும் வரிசைக்குப் பின்னால் போட்டேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று, பயிற்சிக்கு வந்திருந்த அவருடைய பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"உடம்புக்கென்ன. நீதான ஆத்தா மதினிய நிப்பாட்டிட்ட."

"நான் எங்கே நிறுத்தினேன்?"

"ஏலக்காட்டுல வேல வாங்குற கங்காணி ஒருத்திய வரிசைய விட்டுத் தள்ளி உக்காரச் சொன்னா, நாளைக்கு ஜீப்புல அவளுக்கு எடமில்லன்னு அர்த்தம். இது தெரியாமயா இம்புட்டுப் படிச்ச?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்றேன். புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "நான் வந்தா அவளுகளுக்கும் சோலி கெடும்," என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் கூடத்து வாசலில் வந்து நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் தன் நாற்காலியை நகர்த்தி, வரிசைக்கு நடுவே இடம் விட்டார். "இங்கிட்டு உக்காருங்க மதினி."

நான் எண்ண ஆரம்பித்தேன். மூன்றாவது முறை அவர் பாதி எழுந்து திணறியபோது, மற்ற பத்துப் பேரும் பாதியிலேயே நின்றார்கள். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அவரைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. எழுவதைவிடப் பாதியில் நிற்பதுதான் தொடைக்குப் பெரிய பாரம். அது நான் படித்தது. தேய்ந்த முழங்கால்கள் இருபது, நடுங்கிக்கொண்டே காத்திருந்தன. அவர் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். நான் எண்ண மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எண்ணு ஆத்தா, பராக்குப் பாக்காத," என்றது ஒரு குரல்.

பத்து முடிய வெகுநேரம் ஆனது. பத்தாவதிலும் அவர் நாற்காலியைப் பிடிக்கவில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்தவர், என்னிடமல்ல, பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

"நாளைக்கும் எனக்கு இந்த எடந்தான?"

"பெறகென்ன."