பத்தொன்பதாம் கேள்வி

கொழும்பில், பெயர்ப் பட்டியலிலிருந்து ஆட்களைச் சலித்தெடுக்கக் கம்ப்யூட்டருக்கு நிபந்தனைகள் எழுதும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேலதிகாரி என்னைப் பாராட்டினார். எது அதிகம் பேரைக் கழித்துவிடுமோ, அந்த நிபந்தனையை நான் முதலில் வைத்திருந்தேன். மெஷினுக்கு வேலை மிச்சம். "எங்கே படிச்சீங்க?" என்றார். மாத்தளையில் என்றேன். மேலே ஏதாவது கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன்.

அது பல வருஷங்களுக்கு முந்திய கதை. அன்று பிரஜாவுரிமை மனு வாங்கும் கடைசி நாள். எல்கடுவத் தோட்டத்திலிருந்து சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு மாத்தளைக்கு வந்திருந்தேன். பிரஜாவுரிமை இல்லையென்றால் அவரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். அவர் கண்ணால் பார்த்திராத இந்தியா! சட்டைப்பையில், நெடுநாள் வேலை செய்ததாகத் தோட்டத்தை நடத்தும் துரை கொடுத்த கடிதம் இருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வரிசையில் நின்றார்.

ஜன்னலுக்குள் இருந்த கிளார்க்கர் ஒரு சனியன். பேர், தோட்டம், குடியிருக்கும் லயம், அதில் காம்பரா நம்பர், பெண்சாதி பிள்ளைகள் என்று வெற்றிலைக் குதப்பலோடு ஆற அமரக் கேட்டு எழுதுவான். பத்தொன்பதாவதாகத்தான் கேட்பான்: "அப்பன் இங்க பொறந்ததுக்கு சர்ட்டிபிகேட் இருக்கா?" "இல்லீங்க" என்றால் தாளைப் பக்கத்துக் கூடையில் வீசிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவான். இரண்டு பேருக்கு அப்படி நடந்தது; வெளியே மரத்தடியில் போய்க் குந்திவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்யா, அத மொதல்லயே கேட்டுத் தொலைச்சா என்ன? இத்தன சனம் வெயில்ல காயுதே!"

"நீயே கேளேன்" என்றான், தலையைத் தூக்காமல்.

கேட்டேன். பேனாவும் கொப்பியுமாக வரிசை நெடுக நடந்தேன். ஒரே கேள்வி. இல்லை என்றவர்களிடம், "அப்பிடின்னா வீட்டுக்குப் போங்க, நிக்கிறது வீண்" என்றேன். எங்கள் தோட்டத்துச் சனம் பேனா பிடித்தவர் சொன்னால் மறுபேச்சுப் பேசாது. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. சாயந்தரம்வரை நீளவேண்டிய வரிசை பத்து மணிக்குள் கரைந்துபோனது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

சித்தப்பா மட்டும் கடிதத்தை வெளியே எடுத்தார்.

"தொரை குடுத்தது பிள்ள. இதக் காட்டிப் பாக்கலாமா?"

"உள்ள வைங்க சித்தப்பா. அவன் சர்ட்டிபிகேட்தான் கேக்குறான்."

அவரை மத்தியான பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அந்தக் கிளார்க்கரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று திரும்பி வந்தேன். அவன் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"சர்ட்டிபிகேட் இல்லாதவங்க! தொரையோட கடிதம் இருந்தா உள்ள போங்க, பெரியய்யா பாப்பாரு."

காலையில் அவன் கூடையில் போட்ட அந்த இரண்டு பேர்தான் எழுந்து போனார்கள்.

"பாவி! இத காலையிலயே சொல்லியிருக்கலாமே!"

"இருவதாவது கேள்வி தாளுக்குப் பின்னால இருக்கு. நீ திருப்பிப் பாத்தியா?"

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். எல்கடுவ பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் சாயந்தரம்தான்; அதில் போய் அவரைக் கூட்டிவருவதற்குள் ஜன்னலை மூடிவிடுவார்கள். மூடினார்கள்.

லயம் முழுக்க அந்தக் கிளார்க்கரைத் திட்டித் தீர்த்தேன். என் பங்கைப் பற்றி மூச்சு விடவில்லை. சித்தப்பா கப்பலேறும்போதும் சொல்லவில்லை. பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரையோ பிடித்து எழுதுவித்திருந்தார்.

"அன்னைக்கு தொரை கடிதத்த வாங்கிக்கிட்டாங்கன்னு இங்க ஒருத்தன் சொல்றான். நான் அவன்கூட சண்டைக்குப் போயிட்டேன். எங்க பிள்ள படிச்ச பிள்ள, அது விசாரிக்காம சொல்லாதுன்னு சொல்லிட்டேன்."