சூரத் சேலையில் வந்த பொறி

ஒன்பது வயதில் என்னோடு பேச்சுக் கொடுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் அவ்வளவாக விருப்பம் இருந்ததில்லை. பேசினால் கேள்வி வரும். பால் பொங்குகிறதே, தண்ணீர் மட்டும் ஏன் அப்படிப் பொங்கி வழிவதில்லை? ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஏன் வருகிறது? சீரியலில் வருகிறவர்கள் ஏன் பட்டும் நகையுமாகவே தூங்குகிறார்கள்? 'போறேன்' என்று சொன்னால் அம்மா ஏன் 'போயிட்டு வாரேன்னு சொல்லு' என்று திருத்துகிறாள்? அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அப்பா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அம்மா ஊசியில் ஏற்றுவதும் மருந்து, அப்பாவின் கம்பெனியில் காகிதக் குழாய்க்குள் அடைப்பதும் மருந்து. இரண்டுக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது என்று ஒருநாள் கேட்டேன். இரண்டு பேரும் அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

பதில் சொல்வதற்கு என்று எனக்கு இருந்தது அத்தை ஒருத்திதான். அப்பாவின் தங்கை. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். அவளுடைய பதில்கள் எல்லாமே அந்த நேரத்தில் அவளாக இட்டுக்கட்டுபவை. கொட்டாவி பெரிய வாயைத் தேடி அலைகிறதாம், அதனால்தான் ஆள் விட்டு ஆள் தாவுகிறதாம். பால் பொங்குவது பசு மாட்டிடம் திரும்பிப் போகிற ஆசையிலாம். நான் அதையெல்லாம் வகுப்பில் போய்ச் சொல்லி இரண்டு முறை பெஞ்சு மேல் ஏறி நின்றிருக்கிறேன். ஆனாலும் அத்தையை விடவில்லை. பதில் தப்பாக இருந்தாலும், கேட்டவுடன் கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொல்வாள்.

அத்தையும் அப்பா வேலை பார்த்த கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். காலையில் எங்கள் தெருவுக்கு வேன் வரும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் தூக்குவாளியோடு ஏறிப் போவார்கள். மாமா லாரி டிரைவர். பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப இருபது நாளாகும். ஒருதடவை வரும்போது சூரத்திலிருந்து அத்தைக்கு ஒரு சேலை வாங்கி வந்தார். மயில்கழுத்து நிறம், ஓரமெல்லாம் மினுமினுப்பு, கையில் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்போது எல்லா வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்த சீரியலின் கதாநாயகி அதே மாதிரிச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். அத்தை அதை மாதா கோயிலில் பூசைக்குக் கட்டினாள், கல்யாணத்துக்குக் கட்டினாள், கடைசியில் ஒரு திங்கட்கிழமை வேலைக்கும் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கம்பெனி வாசலில் அப்பா அவளைத் தடுத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். உள்ளே நூல் துணிதான் உடுத்த வேண்டும் என்பது விதி. சீசன் இல்லாத மாதங்களில் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அன்றைக்கு இன்னும் மூன்று பேர் பாலியஸ்டர் சேலையில்தான் வந்திருந்தார்களாம். அப்பா தன் தங்கையை மட்டும் திருப்பி அனுப்பினார். மற்றவர்களை எதுவும் சொல்லவில்லை. சொந்தத் தங்கையிடம்தான் அவருக்கு அதிகாரம் செல்லும் என்று நினைத்தாரோ என்னவோ.

"என் வீட்டுக்காரரு ஆசையா வாங்கிட்டு வந்த சேலைய நாலு பேரு முன்னால வச்சு அவுத்துப் போட்டுட்டு வான்னுட்டாரு" என்று அத்தை அம்மாவிடம் வந்து அழுதாள். அதோடு எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினாள். வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. வீம்புக்கென்றே தினமும் ஒரு மினுமினுப்புச் சேலையைக் கட்டி, அதன் மேல் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, அப்பா வாசலில் நிற்காத நேரமாகப் பார்த்து உள்ளே போனாள்.

எனக்கு இது பெரிய சங்கடம். நான் அப்பாவிடம் போய், "நூல் சேலைதான் கட்டணும்னு ஏன்ப்பா சொல்றாக?" என்று கேட்டேன்.

"ரூல்ஸ் அப்படி."

"ரூல்ஸ் ஏன் அப்படி?"

"தீப்பிடிச்சிரும். போய்ப் படி."

சேலை எப்படித் தானாகத் தீப்பிடிக்கும்? அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அத்தையிடம் கேட்டேன். "அதெல்லாம் சும்மா, தாயி. உள்ள போம்போது வாசல்ல ஒரு செம்புத் தகடு வச்சிருக்காக, அதத் தொட்டுட்டுப் போகணும்பாக. கோயில் வாசல்ல தீர்த்தம் தொட்டு சிலுவை போடுறோம்ல, அது மாதிரி. தொட்டாலும் ஒண்ணுதான், தொடாட்டியும் ஒண்ணுதான்." அவசரத்தில் பலநாள் தொடாமலே போய்விடுவாளாம்.

மாசி மாதம் எங்கள் பக்கத்தில் காற்று காய்ந்து கிடக்கும். உதடு வெடிக்கும். அந்த மாதத்தில்தான் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்து, மேசை மேல் கிடந்த காகிதத் துணுக்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். துணுக்குகள் எழும்பி வந்து ஒட்டிக்கொண்டன. தேய்த்தால் பொருளில் மின்சாரம் சேரும், போக வழி கிடைத்தால் தாவி ஓடிவிடும் என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வீட்டில் நான் தேய்க்காத பொருள் இல்லை. ஸ்கேலை, பலூனை, பக்கத்து வீட்டுப் பூனையை. பூனை என் கையைக் கீறியது. அம்மா டிஞ்சர் போட்டுவிட்டு, "இனிமே உயிருள்ளதத் தேய்க்காத" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை சூரத் சேலையைக் களைந்து கொடியில் போட்டுவிட்டு அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மாமா வடக்கேயிருந்து கொண்டுவந்த கம்பளிப் போர்வை ஒன்று கட்டிலில் கிடந்தது. சேலையை எடுத்துக் கம்பளி மேல் போட்டு, இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் தேய்த்தேன். பிறகு வெடுக்கென்று உரித்தேன். சடசடவென்று சத்தம் வந்தது. எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி. முன்கை மயிர் எல்லாம் நிற்பதுபோல ஒரு கூச்சம்.

சத்தம் வருகிறதே, வெளிச்சமும் வருமோ? அத்தை வீட்டில் ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை உண்டு. இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். கண்ணுக்கு இருட்டுப் பழகும்வரை நின்று, தேய்த்து, உரித்தேன்.

நீல நிறத்தில் சின்னச் சின்னதாகப் பொறி பறந்தது.

"அத்தை! உன் சேலைக்குள்ள மின்னல் அடிக்குது!"

ஈரக் கையோடு அத்தை ஓடி வந்தாள். நான் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு விளையாடுகிறேன் என்று நினைத்து முதலில் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நான் செய்து காட்டினேன்.

அத்தை இருட்டில் என் பக்கமாக நகர்ந்து வந்தாள்.

"இன்னொருக்கச் செய்யி" என்றாள்.

செய்தேன். மூன்றாவது தடவையும் செய்யச் சொன்னாள். பிறகு கதவைத் திறந்துபோட்டு, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"நூல் சேலையில வருமா?"

அவளுடைய பழைய சுங்குடிச் சேலை ஒன்றை வைத்து எத்தனையோ விதமாகத் தேய்த்துப் பார்த்தோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் சூரத் சேலையைத் திரும்பவும் தேய்த்து உரித்து, அதைக் கையில் பிடித்தபடியே போய் முற்றத்துத் தண்ணீர்க் குழாயைத் தொட்டேன். விரல் நுனியில் சுருக்கென்று குத்தியது. "பாரு அத்தை, உடம்புல சேந்ததெல்லாம் குழாய் வழியா மண்ணுக்குள்ள ஓடிருச்சு. டீச்சர் சொன்னாக" என்றேன் பெருமையாக.

"அப்ப அந்தச் செம்புத் தகடு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அடுப்பில் குழம்பு கொதித்தது. அத்தை அதை அணைத்தாள். சேலையையும் கம்பளியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் கையைப் பிடித்து விறுவிறுவென்று எங்கள் வீட்டுக்கு நடந்தாள். ஒரு மாதத்துக்கு மேலாக ஏறாத படியில் ஏறினாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எந்திரிச்சு வாங்க."

அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. தங்கை பேசியதே போதும் என்பதுபோல எழுந்து வந்தார். எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் அப்பாவும் அத்தையும் நானும் நெருக்கியடித்து நின்று கதவைச் சாத்திக்கொண்டோம். வெளியே அம்மா, "என்ன நடக்குது இங்கன?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சேலையை உரித்தேன்.

பொறியைப் பார்த்து அப்பா ஒரு அடி பின்னால் நகர்ந்து வாளியில் இடித்துக்கொண்டார்.

"பதினாறு வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் மெதுவாக. "இதத்தான் சொல்றோம்னு எனக்கே தெரியாது."

"வாசல்ல வச்சுத் திட்டுனீகளே, இதக் காட்டிருந்தா நான் கேட்டுருக்க மாட்டேனா?" என்றாள் அத்தை.

"பாத்திருந்தாத்தான காட்ட முடியும்?" என்றார் அப்பா. பிறகு, "உன்ன மட்டும் சொன்னது தப்புதான்" என்றார். அப்பா தப்பு என்று ஒன்றை ஒப்புக்கொண்டதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அம்மாவும் கேட்டிருக்க வேண்டும். வெளியே சத்தம் நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேனில் போகிற பெண்கள் அத்தனை பேரையும் அத்தை தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். நான் ஒரு அட்டையில் 'அறிவியல் கண்காட்சி, காலணியைக் கழற்றவும்' என்று எழுதிச் சாமான் அறைக் கதவில் ஒட்டினேன். நான்கு நான்கு பேராக உள்ளே விட்டோம். போகும்போது கேலியும் சிரிப்புமாகத்தான் போனார்கள். "ஏ புள்ள, பேயி கீயி காட்டிராத" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தன் சேலை முந்தானையையே நீட்டி, "என்னோடதுல வராது, இது கடையில ஒசத்தி ரகம்" என்றாள். அதில்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. வெளியே வரும்போது யாரும் சிரிக்கவில்லை. அப்பா முற்றத்தில் நின்று, தகடு எதற்கு, நூல் துணி எதற்கு, தரையை ஏன் ஈரமாக வைக்கிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். தெரியாததை, "கேட்டுச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் வேனில் ஏறிய எல்லோரும் வெளுத்த நூல் சேலையில் இருந்தார்கள். சீரியல் சேலைகள் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஆகிவிட்டன. அத்தையின் சூரத் சேலையைப் பார்த்து, "இது ஒனக்கு எடுப்பாத்தான் இருக்கு" என்று அப்பா கோயில் வாசலில் வைத்துச் சொன்னார். வேண்டுமென்றே நாலு பேர் முன்னால் சொன்னார்.

எனக்கு மட்டும் ஒரு ஏமாற்றம் மிச்சமிருந்தது. அடுத்த வாரமும் கூட்டம் வரும் என்று நினைத்து, புது அட்டை எழுதி, கம்பளியை உதறி விரித்துக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. வழியில் பார்த்தவர்களைக் கூப்பிட்டாலும், என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி குனிந்து என் இரண்டு உள்ளங்கையிலும் முத்தம் கொடுத்தாள். அவள் கண் ஏன் அப்படி நிறைந்திருந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தையிடம் போய், "ஏன் யாருமே ரெண்டாவது தடவ பாக்க வரல?" என்று கேட்டேன். அவள் வழக்கம்போல வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். புதிதாக ஏதாவது கதை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"ஒருக்கப் பாத்ததே போதும், தாயி" என்றாள்.

என்னுடைய வித்தை அதற்குள் பழசாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. இதைவிடப் பெரிதாக ஏதாவது கண்டுபிடித்தால்தான் இனிமேல் இவர்களை வரவழைக்க முடியும் என்று முடிவு செய்து, அன்று சாயங்காலமே ஒரு காந்தத்தைத் தேடிப் புறப்பட்டேன்.