எல்போ வரைக்கும்

என் மனைவி ஐம்பத்திரண்டு வயதில் ஆங்கில வகுப்பில் சேர்ந்தபோது முதலில் கேலி செய்தவன் நான்தான். ஓட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிறவளுக்கு இந்த வேண்டாத வேலை எதற்கு என்று கேட்டேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிறு காலை நூலக மாடியில் வகுப்பு. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் வலது கைதான் காரணம். முப்பது வருஷமாகத் தரைக்கு டைல்ஸ் ஒட்டிப் பிழைப்பவன் நான். விரல்கள் மரத்துப்போய்ச் சாந்துக்கரண்டி தானாக நழுவ ஆரம்பித்தது. பிழைக்க வந்த இந்த ஊரில் எங்கள் டாக்டருக்குத் தமிழ் தெரியாது. மாப்பிள்ளைதான் கூட வந்து பேசுவார். டாக்டர் பத்து நிமிடம் பேசுவார். மாப்பிள்ளை அதை ஒரே வரியில் முடிப்பார். "மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும் மாமா."

மீதிப் பேச்செல்லாம் எங்கே போனது என்பதுதான் அவளுடைய சந்தேகம்.

முதல் பாடம் உடம்பின் பாகங்கள். அவளுக்குப் பாடப்புத்தகம் நான். சாயங்காலம் என் கையை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஒவ்வொரு இடமாக அழுத்துவாள். ஃபிங்கர், ரிஸ்ட், எல்போ, ஷோல்டர். அழுத்துவது தெரிகிறதா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். உடனே நோட்டில் ஏதோ எழுதிக்கொள்வாள். வீட்டுப்பாடம் என்று நினைத்தேன், மரமண்டை.

முதல் வாரம் விரல் மட்டும்தான் தெரியவில்லை. நான்காம் வாரம் ரிஸ்டும் போய்விட்டது. எட்டாம் வாரம் எல்போ வரைக்கும் மரத்துவிட்டது. அன்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல ஜோக் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது மாப்பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே கையமர்த்தினாள். "நான் பேசறேன் மாப்பிள்ளை."

நோட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். "ஃபர்ஸ்ட் வீக், ஃபிங்கர். நவ், எல்போ. வொய்?"

வினைச்சொல் ஒன்றுகூட இல்லை. அதைத் தேடிக்கொண்டிருந்தால் என் தோளும் போயிருக்கும்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சொற்களுக்குப் பக்கத்தில் அவள் குறித்திருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தே, தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, எனக்கே புரியும்படி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். கழுத்து எலும்பு நரம்பை அழுத்துகிறது. உடனே ஆபரேஷன். இல்லையென்றால் கை போய்விடும். கடைசியில் மாப்பிள்ளையைப் பார்த்து ஏதோ கேட்டார். இதை இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே என்றுதான் கேட்டிருக்க வேண்டும்; மாப்பிள்ளையின் முகம் போன போக்கே சொன்னது.

வெளியே வந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டு, "உங்க பொண்ணுக்கு இது நிறைமாசம் அத்தை. ஆபரேஷன்னா பயந்துடுவா. குழந்தை பொறந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் நாலு வார்த்தை நாக்குவரை வந்துவிட்டது. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இனிமே எதுவா இருந்தாலும் முழுசாச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆபரேஷனுக்கு நாள் கேட்கப் போனாள்.

அந்த மருந்துக்கடைப் பெண்ணுக்கு நான் கடன்பட்டவன். பொறுமையாகப் பேசிய டாக்டருக்கும்தான். மாப்பிள்ளையையும் மன்னித்துவிட்டேன், பேத்தி பிறந்த சந்தோஷத்தில். ஆனால் என் மனைவிக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள், கட்டிலோரம் உட்கார்ந்து தோளிலிருந்து கீழே வந்தாள். ஷோல்டர், தெரிந்தது. எல்போ, தெரிந்தது. ரிஸ்ட் லேசாகத் தெரிந்தது. சுண்டுவிரலுக்கு வந்ததும் அவள் கை நின்றது. பிறகு நகத்தால் அழுத்தி ஒரு கிள்ளு கிள்ளினாள். நான் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

"வலிக்குதாங்க?"

"வலிக்குது."

"நல்லா வலிக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு, அந்த விரலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் கண்ணீர் சுடுவதும் எனக்குத் தெரிந்தது.