நொடிக்கு ஐந்து படம் போதும்

லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த உலகநாதனுக்கு வாய்தான் பிழைப்பு. தார்நாகாவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கணக்கு மென்பொருள் சொல்லிக்கொடுத்தார். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கணீரென்று கேட்கும். ஊரே ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்து வாய்பிளந்த காலத்தில், கடைக் கணக்கு எழுதிப் பிழைக்க நினைத்தவர்கள் இவரைத் தேடித்தான் வந்தார்கள்.

2004-இல் அந்தக் குரல் கரகரத்தது. குரல்நாணில் சின்னக் கட்டி, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், பிறகு கொஞ்ச நாள் வாயே திறக்கக்கூடாது என்றார் டாக்டர். பழைய குரல் திரும்புமா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றார். டாக்டர் வாயிலிருந்து வரும் "பார்க்கலாம்" இருக்கிறதே, அதைப்போல ஆளைத் தூங்கவிடாத சொல் வேறில்லை. குரல் போனால் வேலையும் போச்சு.

சென்டர் நடத்திய சக்ரபாணி நல்ல மனுஷர். "பாடத்தையெல்லாம் கம்ப்யூட்டர் திரையோட ரெக்கார்ட் பண்ணி வெச்சிடுங்க. நீங்க வர்ற வரைக்கும் அதையே போட்டு ஓட்டிக்கலாம்" என்றார்.

கறிவேப்பிலைக்குக்கூடப் பேரம் பேசுகிற உலகநாதன், இந்த ஒரு விஷயத்தில் கர்ணனாகிவிட்டார். பதிவின் தரம் நூற்றுக்கு நூறு, நொடிக்கு முப்பது படம் என்று எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தார். உடன் வேலை பார்த்த கோயம்புத்தூர்ப் பெண் வர்ஷினி எட்டிப் பார்த்துப் பதறினாள்.

"ஏனுங்க சார், இப்படி வெச்சா டிஸ்க் தாங்காதுங்க."

"கைக்கு பயப்படுறேம்மா? கொறைக்கிறதெல்லாம் நக்கோ. நாளைக்கு என் குரலே இல்லாமப் போனா, இதுதானே மிச்சம்?" என்றார். அவர் ஊர்த் தமிழில் உருது கலந்திருக்கும்; "கைக்கு" என்றால் ஏன், "நக்கோ" என்றால் வேண்டாம்.

அவள் தன் மேஜைக்குத் திரும்பிப் போனாள்.

கடைசிப் பாடம் ஆண்டு இறுதிக் கணக்கு. தொண்டையைப் பிடித்துக்கொண்டு பேசி முடிக்கிற நேரத்தில் டிஸ்க் நிரம்பித் திரை உறைந்துவிட்டது. மீண்டும் இயக்கிப் பார்த்தால் கோப்பு இருக்கிறது, யானை கனம் கனக்கிறது, ஆனால் திறக்கவில்லை. மறுநாள் ஆபரேஷன். திரும்பப் பேசப் பார்த்தால் வெறும் காற்றுதான் வந்தது. அவ்வளவு பெரிய மனுஷர், மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதார்.

வர்ஷினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதிவு பாதியில் நின்றதால் எந்தக் காட்சி எங்கே என்று காட்டும் அட்டவணைதான் எழுதப்படவில்லை, படமும் ஒலியும் உள்ளேதான் இருக்கவேண்டும் என்று அவளுக்குப் பட்டது. அதைச் சீர்செய்யும் சின்ன மென்பொருளை ஓட்டினாள். நீலக்கோடு ஊர்ந்து ஊர்ந்து முடிந்தது. ஸ்பீக்கரில் உலகநாதனின் குரல் வந்தது.

அவருக்குப் போன உயிர் திரும்பியது.

"கணக்குப் பக்கம் அசையாம நிக்குதுங்க சார். அசையறது உங்க மௌஸ் மட்டுந்தான், அது ஒரு நிமிஷம் சும்மா இருக்காது" என்று சிரித்தாள் அவள். "நொடிக்கு அஞ்சு படம் போதுங்க. குரல்ல கை வெக்கவே மாட்டேன்."

சொன்னபடியே படங்களைக் குறைத்து, திரைப்பதிவுக்கென்றே உள்ள வடிவத்துக்கு மாற்றினாள். மலைபோல இருந்த பாடங்கள் அத்தனையும் ஒரே சி.டி.யில் அடங்கின.

ஆபரேஷன் முடிந்தது. மௌனமும் முடிந்தது. டாக்டர் பேசச் சொன்னபோது குரல் வந்தது. ஆனால் அது பழைய குரல்தானா என்று சொந்தக் காதை நம்ப அவருக்குத் தைரியமில்லை. வீட்டில் அன்னக்கிளி, "ஹவ், ஆமா, அதே குரல்தாங்க" என்றாள். பெண்டாட்டி வேறென்ன சொல்வாள்?

வேலைக்குத் திரும்பிய அன்று வகுப்பில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பின்னால் போய் அவர் நின்றார். ஸ்பீக்கர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது, ஒலியை நிறுத்தும்படி வர்ஷினிக்குச் சைகை காட்டினார். மீதி வாக்கியத்தைத் தன் வாயால் சொல்லி முடித்தார். அடுத்ததையும் சொன்னார்.

ஒரு தலைகூடத் திரும்பவில்லை. எல்லோரும் தங்கள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.