எலிவேட்டர் சுவரில் ஒரு கண்ணாடித் துண்டு

அந்தச் சுவர் என் தலையில்தான் விழும் என்று நான் நம்பினேன். மில்லில் மூன்று ஷிப்டிலும் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் அது விழுவதற்கு நான் கடந்துபோகும் நேரத்தைத்தான் பார்த்து வைத்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவ்வளவு முக்கியமான ஆள் நான், ஸ்டோர் கீப்பர்.

1991இல் வேலைக்குச் சேர்ந்தேன். கண்டோன்மென்ட் பக்கம் ரயில் பாதையை ஒட்டிய பழைய செங்கல் மாவு மில். அதன் ஒரு மூலையில் ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு செங்கல் கோபுரம். அதைத்தான் எலிவேட்டர் என்போம். கீழே குழியில் கொட்டும் கோதுமையை, பெல்ட்டில் வரிசையாகக் கோத்த தகரக் கிண்ணங்கள் அள்ளிக்கொண்டு போய் மேலே தொட்டிகளில் கொட்டும். அங்கிருந்து அரைவைக்கு இறங்கும். யார் கட்டியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. பட்டாளத்துக்கு ரொட்டி மாவு அரைக்க வெள்ளைக்காரன் கட்டினான் என்பார் ஃபிட்டர். வெள்ளைக்காரனுக்கு மாவு சப்ளை செய்த மண்டிக்காரர் கட்டினார் என்பார் கேட்டில் நிற்பவர். முதலில் நீராவியில் ஓடியதாம். ரயில் வேகன் உள்ளேயே வந்து நிற்குமாம். நான் சேர்ந்தபோது அந்தத் தண்டவாளத்தில் புல் முளைத்து, கோதுமை லாரியில் வந்துகொண்டிருந்தது. எது நிஜமோ. ஒரு செங்கல்லிலும் வருஷம் போடவில்லை. நான் தேடியிருக்கிறேன்.

எலிவேட்டரை ஓட்டியவரை நான் அண்ணே என்பேன். என்னைவிடப் பத்து வயது பெரியவர். கிண்ணங்களின் சத்தத்தை வைத்தே எந்தக் கிண்ணம் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கோபுரத்தின் காலடியிலேயே அவருக்கு ஓர் அறை. மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள், ஒரு டிவி எல்லாம் அதற்குள். மில் ஓடும்வரை அந்த அறை அவருக்கு என்பது பெரிய முதலாளி வாயால் சொன்னது. எழுத்தில் ஒன்றும் இல்லை. பெரிய முதலாளி போய், மகன் வந்திருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் பக்கத்து நிலத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காகப் பள்ளம் தோண்டினார்கள். இடிக்கிற இடியில் என் மேஜை மேல் டீ டம்ளர் நகரும். ஒருநாள் எலிவேட்டர் சுவரில், ஆள் உயரத்தில் ஒரு விரிசல் கண்ணில் பட்டது. நேற்று இருந்ததா, நூறு வருஷமாக இருந்ததா? யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். அதுவரை மில்லில் எல்லோரையும் நையாண்டி செய்தவன் நான். நான் பயப்படுகிறேன் என்று தெரிந்தால் ஷிப்ட் வைத்துப் பழி தீர்ப்பார்கள்.

எனவே ரகசியமாகப் பயந்தேன். கேன்டீனுக்குச் சுற்றி நடந்தேன். விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அடிகளை எண்ணி வைத்தேன். பதினான்கு அடி, என் தொப்பைக்குப் பதினெட்டு. மழைக்கு என்று சொல்லி ஹெல்மெட்டோடு உள்ளே நடந்தேன். விவேக் நகரில் என் வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கும். பயப்படுவதும் வேலைதான். ஓவர்டைம் கிடையாது, அவ்வளவுதான்.

பூச்சு வேலைக்கு வந்த மேஸ்திரி ஒருவர் வழி சொன்னார். விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டு. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒட்டினேன். தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். மூன்று மாதம் அது உடையவில்லை. உடையாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு மில் நிற்கும். அந்த வருஷம் நான் லீவு போட்டுவிட்டு மாமனார் வீட்டுக்கு வேலூர் போய்விட்டேன். திரும்பி வந்த காலையில் பார்த்தால் கண்ணாடி இரண்டாகப் பிளந்திருக்கிறது. நடுவில் சிவப்பாக என்னமோ வேறு. அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் போதும். நிற்கவே இல்லை. பதினெட்டு அடியையும் பத்தில் தாண்டி ஸ்டோருக்குள் போய் விழுந்தேன்.

மில்லில் எல்லோருடைய லீவு லெட்டரும் நான்தான் எழுதுவேன். அந்தத் திமிரில் முதலாளிக்கு இங்கிலீஷில் ஒரு லெட்டர் எழுதினேன். கோபுரம் எந்த நிமிஷமும் சரியலாம், உயிர்ச்சேதம் நிச்சயம், உடனே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். கீழே கையெழுத்து, ஸ்டோர் ரப்பர் ஸ்டாம்ப். முதலாளி இரண்டு முறை படித்தார். முகத்தில் பயத்தைத் தேடினேன். இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒள்ளே கெலசா மாடிதிரி, நல்ல வேலை செஞ்சீங்க. இப்படி ஒருத்தர் வேணும்ங்க மில்லுக்கு."

ஒன்பது வருஷத்தில் அவரிடம் வாங்கிய முதல் பாராட்டு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அண்ணனிடம் போனேன். சாமான்களை அறையிலிருந்து வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு?"

"சுவர் நகர்ந்துடுச்சுண்ணே. கண்ணாடி உடைஞ்சிருக்கு."

அவர் அறைக்குள் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஏய், இங்க வா, ஸ்டோரு சொல்றத கேளு." பிறகு என்னைப் பார்த்தார். "அது ஒட்டனது நீயா? பூஜைக்கு வாழைக்கன்னு கட்ட ஆணி அடிச்சேன். சுத்தி நழுவி அதும்மேல பட்டுச்சு. இன்னா மெஷினோ, நமக்கெதுக்கு வம்புன்னு அதுக்கும் சேத்து ஒரு பொட்டு வெச்சேன்."

சிவப்பு, குங்குமம். எல்லா மெஷினுக்கும் வைத்ததுபோல.

"சிரிக்காதீங்கண்ணே. நான் லெட்டர் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

சொன்னேன். என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "அடப்பாவி, அவருக்கா?" என்றார். "அந்தாளு மூடறதுக்கு லேபர் ஆபீசுல காட்டக் காரணம் இல்லாம ரெண்டு வருஷமா அலையறாரு. போ. போயி வாங்கிட்டு வா."

ஓடினேன். இந்த முறை சுவருக்கு அடியிலேயே ஓடினேன்.

"சார், அது ஆணி அடிச்சதுல உடைஞ்சது சார். சுவருக்கு ஒண்ணுமில்ல."

"காலையில நீங்க எழுதறீங்க, விழும்னு. மத்தியானம் நீங்களே சொல்றீங்க, விழாதுன்னு. உயிர் விஷயம்ங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஜெயிலுக்கு நீங்க போவீங்களா?" சட்டைப் பையை ஒருமுறை தொட்டுக்கொண்டார். லெட்டர் அங்கேதான் இருந்தது.

அப்புறம் ஓர் இன்ஜினியர் வந்தார். விரிசலைப் பத்து நிமிஷம் பார்த்தார். என் லெட்டரை அதைவிட நேரம் பார்த்தார். நோட்டீஸ் போர்டில் பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தற்காலிக மூடல் என்று ஒட்டினார்கள். கேட்டில் கூட்டம் கூடியபோது, லெட்டர் எழுதியது ஸ்டோர் என்று யாரோ கத்தினார்கள். நான் பதிலுக்கு ஒரு ஜோக் சொல்லப் பார்த்தேன். வரவில்லை.

அறையைக் காலி செய்ய அண்ணனுக்கு ஒரு மாதம் கொடுத்தார்கள். சாமான் ஏற்றும் அன்று நானும் போய்க் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தேன். அவர் மனைவி என்னைச் சுற்றிக்கொண்டு டிவியைத் தூக்கிப் போனார். அண்ணன் மட்டும், "பாத்து பிடிப்பா, கால்ல போட்டுக்காத" என்றார். நாலு வசவு வைதிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். பெண்களின் பள்ளிக்கூடத்தைப் பாதி வருஷத்தில் மாற்றினார்கள். குடும்பம் ஊருக்கு வெளியே சந்தாபுராவில் ஒரு ஷீட் வீட்டுக்குப் போனது. அவர் ஹெப்பகோடியில் ஒரு ஃபாக்டரி கேட்டில் செக்யூரிட்டி ஆனார்.

சுவர் விழவில்லை. அடுத்த வருஷம் மெஷின் வைத்து இடித்தார்கள். நான்கு நாளில் முடிப்பதாகச் சொல்லி வந்த காண்ட்ராக்டருக்கு எலிவேட்டர் மட்டும் மூன்று வாரம் பிடித்தது.