ஜுவேரியா தொங்கவிட்ட எடைக்கல்

ராயப்பேட்டையில் லேஸும் பொத்தானும் விற்கும் குடும்பக் கடையில் உட்காரும் ஜுவேரியாவுக்குக் கோபம் சட்டென்று வராது; வந்தால் லேசில் போகவும் போகாது. அவள் கணவன் ஃபராஸ் இதைக் கல்யாணமான முதல் வருடமே தெரிந்துகொண்டான். அவனுடைய பள்ளித் தோழன் ரெஹானுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

ரெஹான் அடையாறில் ஒரு சைக்கிள் குழு நடத்திவந்தான். முதுகுவலிக்காக அதில் சேர்ந்த ஜுவேரியா, முட்டுக்காடு வரை போய்த் திரும்பும் பெண்களில் வேகமானவளாக ஆகிவிட்டாள். பெருநாளுக்கு வளையல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பவர் மீட்டர் வைத்த பெடல்களை வாங்கிக்கொண்டாள். கால் எவ்வளவு பலமாக மிதிக்கிறது என்பதை அது வாட் கணக்கில் ஃபோனில் காட்டும். மாநிலப் போட்டிக்கான பெண்கள் அணியை ரெஹான் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தான்.

அவளுடைய மீட்டரோ நிலைகொள்ளாமல் ஆடியது. ஓட்டுவதற்கு முன்னால், பெடலில் பாரம் எதுவும் இல்லாமல் அதை ஜீரோ செய்ய வேண்டும். அப்போது வரும் எண் தினமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மீட்டர் சரி. அவளுக்கு இன்று ஒன்று வரும், நாளை வேறொன்று வரும். ஒரு தேர்வில் குழுவிலேயே அவள்தான் முதல். அடுத்த தேர்வில் கடைசிக்குப் பக்கம்.

ஓட்டம் முடிந்து பெசன்ட் நகர் ஹோட்டலில் எல்லாரும் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவளைப் பாபி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் ரெஹான் சிரித்துக்கொண்டே அந்தப் பேச்சை எடுத்தான்.

“பாபி, ஜீரோ பண்றப்போ பெடல கீழேர்ந்து கையால தூக்கிப் புடிச்சா, அப்புறம் வாட்டு ஏறிக்கினே போவும். இந்த வேலையெல்லாம் நான் நெறைய பாத்துட்டேன்.”

மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அதுதான் அவளை அதிகம் சுட்டது. அணியில் அவள் பெயர் வரவில்லை. தானாகவே ஒதுங்கிக்கொண்டாள் என்று குழுவில் பேசிக்கொண்டார்கள்.

அவள் ஒதுங்கவில்லை. முதலில் பேட்டரியை மாற்றிப் பார்த்தாள். பிறகு, ஏசி ஓடும் ஹாலிலிருந்து சைக்கிளை வெளியே எடுத்ததும் ஜீரோ செய்வதால் சூடு மாறி எண் ஓடுகிறதோ என்று சந்தேகப்பட்டு, வாசலில் கொஞ்ச நேரம் வெளிச்சூட்டில் நிறுத்திவைத்துவிட்டுச் செய்தாள். ஆட்டம் சற்றுக் குறைந்தது, நிற்கவில்லை. பிறகுதான் ஒன்று உறைத்தது. வீட்டிலிருந்தே ஓட்டிக்கொண்டு போகும் நாட்களில் எண் அசைவதில்லை. ரெஹானின் வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகும் நாட்களில்தான் தாவுகிறது. தேர்வுக்குப் போனதெல்லாம் வேனில்தான். வேனில் நெருக்கி அடுக்குவதற்காக ரெஹான் பெடல்களைக் கழற்றுவான். இறங்கிய இடத்தில் அவனே அவசரமாகத் திருகிவிடுவான். அந்தப் பெடல் சரியான இறுக்கத்தில் உட்காராவிட்டால் அதன் அளவு நிற்காது.

ஈக்காட்டுத்தாங்கலில் ஃபராஸுக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. அங்கிருந்து, அளந்து இறுக்கும் ரெஞ்சைக் கொண்டுவரச் சொல்லிப் பெடல்களை முடுக்கினாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒரே எண். அவளுக்கு நிம்மதி வரவில்லை. அவன் கை செய்த குறைக்கு அவள் கையைத் திருட்டுக் கை என்றிருக்கிறான். அன்றிலிருந்து அவனை எங்கே அடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டே குழுவோடு போய்வந்தாள்.

இடம் கிடைத்தது. மேம்பாலத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஏறும்போது, அவளைவிட இளைத்த, அதனால் குறைவாக மிதித்தாலே போதுமான ரெஹானின் மீட்டர் எப்போதும் நம்ப முடியாத அளவு அதிகம் காட்டியது. ஒருநாள் டீக்கடையில் அவன் சைக்கிளின் கிராங்க்கை, அதாவது பெடலைத் தாங்கும் கையை, குனிந்து பார்த்தாள். உட்புறம் அதன் நீளம் 165 மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தது. ஹேண்டில்பாரில் திறந்திருந்த அவன் ஃபோனில் கிராங்க்கின் நீளம் 175 என்றிருந்தது. முட்டிவலிக்காகக் குட்டைக் கிராங்க் மாற்றியவன் ஃபோனில் மாற்ற மறந்திருக்கலாம். நீளம் கூட இருந்தால் வாட்டும் கூடக் காட்டும். அந்த வாட்டைப் போஸ்டரில் போட்டுத்தான் அவன் பயிற்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

ரெஹான் தி. நகரில் பயிற்சிக்கூடம் திறந்த நாளில், பட்டறையிலிருந்து எடுத்த, முத்திரை போட்ட இருபது கிலோ எடைக்கல்லோடும் தன் சைக்கிளோடும் போய் நின்றாள். விஷயம் தெரிந்த ஃபராஸ் வழியெல்லாம் வேண்டாமென்று கெஞ்சினான். வந்தவர்களுக்கு மீட்டரைச் சோதிப்பது எப்படியென்று காட்டலாமா என்று அவள் கேட்டபோது, அத்தனை பேர் முன்னால் ரெஹானால் மறுக்க முடியவில்லை. முதலில் தன் பெடலில் கல்லைத் தொங்கவிட்டாள். கல்லின் பாரத்துக்குக் கிராங்க்கைத் திருகும் விசை ஃபோனில் இவ்வளவு வர வேண்டும் என்று அவள் முன்கூட்டிச் சொன்ன எண் அப்படியே வந்தது. பிறகு ரெஹானின் சைக்கிள். மயிலாப்பூரிலிருந்து வரும் மாளவிகா ஃபோனைப் பார்த்துப் படித்தாள். முப்பத்திரண்டு வர வேண்டிய இடத்தில் முப்பத்துநான்கு. கல்லைக் கழற்றி மறுபடி மாட்டினாலும் அதுவே.

“அப்போ போஸ்டர்ல போட்ருக்கறது?” என்று மாளவிகா கேட்டாள். ஜுவேரியா கிராங்க்கில் பொறித்த எண்ணை விரலால் காட்டினாள்.

ரெஹான் அவளை ஓரமாகக் கூப்பிட்டான். “இன்னா பாபி இது? தனியா சொல்லியிருந்தா மாத்திக்கினு இருப்பேனே.”

“நீங்களும் அன்னைக்குத் தனியா கேட்டிருக்கலாம், ரெஹான் பாய்,” என்றாள் அவள். குரலை அவள் தாழ்த்தவில்லை.

போஸ்டரை அன்றே கழற்றினார்கள். சேர வந்தவர்களில் பாதிப் பேர் அப்புறம் வரவில்லை. பயிற்சிக்கூடம் சில மாதங்கள் தள்ளாடிவிட்டு மூடப்பட்டது. ஃபராஸுக்கு ஒரு நண்பன் போனான். அந்த வருத்தத்தில் அவன் அவளோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு அவள் அழுதாள். செய்ததற்காக அழவில்லை.

சரியான மீட்டரில் அவளுடைய உண்மையான வாட், அந்த வருட அணிக்குப் போதாத அளவுதான் இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. தோற்றிருந்தால் தோற்றவளாகப் போயிருப்பேன், திருடி என்ற பெயரோடு ஏன் போக வேண்டும் என்று ஃபராஸிடம் கேட்டாள்.

போன மார்கழியில் அடையாறு பாலத்தில் ரெஹான் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தான். பின்னால் வருவது யாரென்று பார்த்துவிட்டு, சலாம் சொல்லப் பாதிக் கையைத் தூக்கினான். ஜுவேரியா கியரை மாற்றி, அவன் பக்கம் திரும்பாமலே முந்திப் போனாள்.