‘வாங்க’ என்று கூப்பிடுவார்களாம்

என் கைப்பையின் உள்ளறையில் ஒரு சீட்டு இருக்கிறது. அரைத்தாள்தான். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ‘எதிர்பார்ப்பு’ என்றும் வலப்பக்கம் ‘கவலை’ என்றும் அச்சடித்தது. இடப்பக்கத்தில் உருண்டையான கையெழுத்தில், ‘காலேஜில் நம்மை வாங்க, போங்க என்று மரியாதையாகக் கூப்பிடுவார்களாம். அது எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று எழுதியிருக்கிறது. வலப்பக்கத்தில் இன்னும் பொடியாக, ‘எங்கள் ஊரிலிருந்து இலுப்பூர் வந்து, அங்கே பஸ் மாறி காலேஜுக்கு வர பத்து மணி ஆகிவிடும். அதற்கு முன்னால் பஸ் கிடையாது. முதல் வகுப்பு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நேரில் சொல்ல வெட்கமாக இருப்பதால் இதில் எழுதுகிறேன் மேடம்.’ இதை எழுதிய பெண் இப்போது எங்கள் கல்லூரியில் இல்லை. அதற்கு நான்தான் காரணம். பஸ்ஸின் மேலும் விதிமுறையின் மேலும் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

புதுக்கோட்டையில் ஒரு கலைக்கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அறிமுக நாளன்று இந்தச் சீட்டைக் கொடுப்போம். மாணவர்களின் மனதை அறிந்துகொள்ள என்று மேடையில் சொல்வோம். உண்மையில் ஆய்வுக் குழு வரும்போது காட்ட ஒரு ஃபைல் வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு மற்றவர்கள் ஆளுக்கொரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய பிறகும் இந்தப் பெண் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். எனக்கோ பசி. “என்னம்மா, கதையா எழுதுற? குடு” என்று பிடுங்காத குறையாக வாங்கினேன். அறுபது சீட்டையும் துளை போட்டு, நாடா கட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

ஒன்பதரை மணிக்குத் தொடங்கும் முதல் வகுப்பு என்னுடையது. அவள் தினமும் பத்து மணிக்கு வாசலில் வந்து நிற்பாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடிவந்த மூச்சு அடங்கியிருக்காது. துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வரலாமா என்று கேட்பாள். நேரம் தவறுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “வாங்க மகாராணி, வாங்க. இன்னைக்கும் ரதம் லேட்டா?” என்பேன். வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் அழ மாட்டாள், காரணமும் சொல்ல மாட்டாள். ஏதோ ஒன்றை நான் சொல்லப்போகிறேன் என்பதுபோல என் முகத்தையே பார்ப்பாள். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை வெளியே நிற்க வைப்பேன். ஜன்னலோரம் நின்று, நோட்டைச் சுவரில் வைத்து, நான் நடத்துவதை அங்கிருந்தபடியே எழுதிக்கொள்வாள்.

முதல் மணி நேரத்தில் இல்லாவிட்டால் அரைநாள் வருகை போய்விடும். ஒருநாள்கூட லீவு போடாத அந்தப் பெண்ணுக்கு செமஸ்டர் முடிவில் பாதி வருகைதான் தேறியது. தேர்வு எழுத முடியாதவர்கள் என்று மூன்று பேரின் பெயரை ஒட்டினார்கள். அதில் அவளும் ஒருத்தி. அன்று மதியம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, “மேடம், நான்தான் எழுதிக் குடுத்திருந்தேனே” என்றாள். ஏதோ லீவு லெட்டரைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். “எழுதிக் குடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிருமா?” என்று கேட்டேன். சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து வரவில்லை.

அடுத்த வருடம் ஆய்வுக் குழு வரும் தேதி தெரிந்ததும், நன்றாக எழுதிய பத்துச் சீட்டுகளை எடுத்து ஃபைலில் மேலே வைக்கும்படி துறைத்தலைவர் சொன்னார். நீளமாக இருந்ததால் அவளுடையதைத்தான் முதலில் உருவினேன். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும், ஒரு பக்கம்கூட வந்திருக்காது. அதுகூட வேண்டாம், பத்து மணிக்கு அவளை உள்ளே விட்டு வருகை போட்டிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்கப் போவதில்லை. வாங்க என்று கூப்பிடுவார்கள் என ஆசைப்பட்டு வந்த பிள்ளை. நானும் தினமும் கூப்பிட்டேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை இலுப்பூரில் பஸ் மாறி அவள் ஊருக்குப் போனேன். வீட்டில் அவளுடைய அம்மா மட்டும் இருந்தார். யாரென்று சொன்னதும் “வாங்க டீச்சர், வாங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“புள்ள மில்லு வேலைக்குப் போயிருச்சு டீச்சர். விடியக்காலையில மில்லு பஸ்ஸு வாசலுக்கே வந்துருது, அதுக்கு ஒரு கொறையும் இல்ல.”

படிப்பை ஏன் விட்டாள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“எழுதிக் குடுத்துட்டேம்மா, மேடத்துக்குத் தெரியும்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான் வந்து கேக்குறேன்னேன். வேணாம், தெரிஞ்சும் வெளிய நிப்பாட்டுறாங்கன்னா சட்டம் அப்படி, அவங்க என்ன செய்வாங்கன்னுருச்சு. நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க. ஒங்க கையில என்ன இருக்கு?”

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். நான் படிக்கவே இல்லை என்று சொல்லத்தான் அத்தனை தூரம் போனேன். ஆனால் “ஆமாம்மா” என்று சொல்லி, அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். மறுபடி சேர்க்கலாமா என்று வாசலில் நின்று கேட்டதற்கு, “இனிமே எங்கிட்டு டீச்சர்” என்று மட்டும் சொன்னார்.

இந்த வருடமும் சீட்டு கொடுத்தேன். பிள்ளைகளின் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாகப் படித்தேன். அறுபது சீட்டிலும் கவலை என்ற இடத்தில் ‘இல்லை’ என்றே இருந்தது. ஒருவருக்குமா ஒன்றுமில்லை என்று கேட்டேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “இது ஃபைலுக்குத்தானாம் மேடம், சீனியர் அக்காங்க சொன்னாங்க” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த அறுபதையும் நாடா கட்டி பீரோவில் வைத்துவிட்டேன். கைப்பையில் இருக்கும் ஒன்றை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நம்பி எழுதியவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.